ண் தீர்ந்த பக்கம்

பகாவ் பட்டணத்தில் ஆணிக்கடை மாடியில்
எங்கள் அச்சகம்.
கீழே ஆ லெங் ஆணி நிறுப்பார்,
மேலே நான் எழுத்துப் பொறுக்குவேன்.
எட்டாம் பக்கம் வருவதற்குள்
ண் தீர்ந்துவிடும்.
மாதர் பத்திரிகை, வேறென்ன ஆகும்?
வரிக்கு வரி பெண், பெண், பெண்.
புது ஈயம் மதராஸிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

ஆயாக்கொட்டகையில் நாற்பது பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு
அன்னபாக்கியம் அம்மா படியேறி வருவார்,
தோளில் எந்தப் பிள்ளையோ கக்கிய பால்கறையோடு.
படிப்பு ஆறாம் வகுப்பு.
கையில் சிவப்புப் பென்சில்.
“ண் இல்லையம்மா” என்றேன்.
“அப்படியென்றால் பெண் என்று போடாதே.
யாரென்று போடு.”

அப்படி வந்ததுதான் அந்தப் பழக்கம்.
பின்னாளில் கோலாலம்பூரில் மேடைபோட்டு
அதைக் கொள்கை என்றார்கள்.
எனக்குத் தெரியும், அது
ஈயப் பற்றாக்குறை.

பால்வெட்டும் பெண் போய்
ஏழாம் நிரை மாரக்காள் வந்தாள்.
களைக்கொல்லி அடித்துக் கண் எரிந்தவள் போய்
தைலம்மை வந்தாள், வயதோடு, லயத்து எண்ணோடு.
பாம்பு தீண்டிக் கண்ணம்மா செத்த மாதம் மட்டும்
தேய்ந்த ஒரு ண்ணை மண்ணெண்ணெயில் கழுவி
தனியே எடுத்து வைத்தேன்.

‘நெற்றிவிளக்கு’, விலை முப்பது காசு.
அட்டையில் நடிகை கிடையாது.
பதினோராம் பக்கத்தில் ரசப்பொடி,
பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில்,
பால் நிறுக்கும் கணக்கு:
வாளி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு,
கிராணி கழித்தது எவ்வளவு.
ரசப்பொடிக்கென்று கத்தரித்தவர்கள்
முந்தானையில் முடிந்துகொண்டு
நிறுவைக் கொட்டகைக்குப் போனார்கள்.
மூன்று தோட்டங்களில் தராசு மாறியது.
நான்காவதில் பத்திரிகையே உள்ளே வரக்கூடாதென்றார்கள்.
துணிக்கடை முதலாளி விளம்பரத்தை நிறுத்தினார்.
அந்தக் கட்டத்தை வெறுமையாக விடச்சொல்லி
அடியில் ஒரு வரி கொடுத்தார் அம்மா:
‘முதலாளிக்கு உடம்பு சரியில்லை. தேறியதும் வருவார்.’
தேறினார்.
தீபாவளிக்கு அரைப்பக்கம்.

தலைநகரத்துப் பெரிய பத்திரிகை கூப்பிட்டு
மின்விசிறியும் சுழல்நாற்காலியும் கொடுத்தது.
பதினெட்டு மாதத்தில் திரும்பி வந்தார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களுக்கு
மனு எழுதும் முறை
அடுத்த இதழில் நாலு பக்கம் வந்தது.

அவர் போனபோது நாளிதழில் இரண்டே வரி:
‘தோட்டப்புறப் பெண் பத்திரிகையாளர் காலமானார்.’
கம்ப்யூட்டரில் ண் தீர்வதில்லை.

இதெல்லாம் எல்லாரும் சொல்வது.
நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு புதன்கிழமை, கடிதப் பகுதி.
கோப்பவன் அர்த்தம் பார்ப்பதில்லை,
எழுத்தைத் திருப்பித் திருப்பி அடுக்குவதோடு சரி.
‘பதினோரு வருசமாகப் பால்வெட்டுகிறேன்.
என் சம்பளத்தை ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.
உறையை அவர்தான் பிரிப்பார்.
இப்படிக்கு, சவரிமுத்துவின் மனைவி.’

என் பெயரை நானே கோத்து முடித்த பிறகுதான்
கை நின்றது.

அம்மா பின்னால் நின்றிருந்தார்.
எவ்வளவு நேரமாக என்று தெரியாது.
கடைசி வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு
“யாரென்று போடு, சவரி” என்றார்.
குரலில் ஒன்றுமில்லை,
பாக்குக் கேட்பது போலத்தான் இருந்தது.

என் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றி
அதனதன் அறையில் போட்டேன்.
எ. லி. ச. ம். மா.
நல்லவேளை, ண் வேண்டியிருக்கவில்லை.
அன்றைய கடைசி ண்
‘எண்ணி’யில் போயிருந்தது.

வீட்டுக்குப் போனபோது மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.
நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
சம்பள நாளன்று
உறை ஒட்டியது ஒட்டியபடி அவள் மடியில் இருந்தது.
நான் கைகழுவப் போனேன்.
ஈயக்கறை, லேசில் போகாது.